கணக்கினால் என்ன பிரயோஜனம் என்று கேட்ட மகனுக்கு

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். நான் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மேசையும் நாற்காலியும் தலைக்குமேல் காற்றாடியும் கொடுத்திருக்கிறார்களாமே. ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர்ப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு நீ அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டாய் என்பதை நீ சொல்லி நான் கேட்கவில்லை. நம் தெரு முனை மளிகைக்கடைக்கார நானா சொல்லிக் கேட்டேன். "என்னா டீச்சரம்மா, தம்பி கவர்மெண்டுல ஏறிட்டாராமே! வெள்ளக்காரன் ஒக்காந்த நாற்காலியில நம்ம புள்ள! ஒரு வாய் இனிப்புகூட கண்ணுல காட்டலையே நீங்க?" என்று அவர் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? பெற்றவளுக்குத் தெரியாது என்று கடையில் நின்று சொல்ல முடியுமா? வெங்காயம் வாங்கப் போனவள் வெங்காயம் வாங்காமலே திரும்பி வந்தேன். அவருடைய மருமகன் உன்னோடு ஒரே பஸ்ஸில் வந்தானாம், நீயே அவனிடம் சொன்னாயாம். மலாக்காவில் நம் காஜா பேராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த வீட்டு அடுப்படிக்கு மட்டும் சேதி வந்து சேரவில்லை.

உன் கடிதம் அதற்கப்புறம்தான் வந்தது. உன் அப்பா வாசித்தார், முகமெல்லாம் பல். ஆஸ்பத்திரி ஸ்டோரில் மருந்துப் பாட்டில்களோடு காலம் தள்ளிய மனிதர். மகன் அதிகாரி என்றால் மனம் குளிராதா? "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பையன் என்ன திருடவா போயிட்டான்?" என்றார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டானே என்றேன். "பாதி படிச்சதுக்கே நாற்காலி குடுக்குறான்லா. முழுசாப் படிச்சா என்ன, சிம்மாசனமா குடுக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெங்கேராவில் இருக்கிற அவருடைய சிநேகிதர்கள் எல்லாருக்கும் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. என் வயிற்றெரிச்சலை யாரிடம் போய்க் கொட்டுவது? அதனால் உன்னிடமே கொட்டுகிறேன். படித்துத்தான் ஆகவேண்டும். பாதியில் விடுவது உனக்குக் கைவந்த வித்தை என்றாலும் இதையாவது கடைசிவரை படி.

உன் கடிதத்தில் இரண்டு வரிகள் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் வரி: "நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, வெள்ளைக்காரர்கள் கப்பலேறுகிறார்கள், ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள், இந்த நேரத்தில் கணக்கினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" இரண்டாவது வரி: "இத்தனை நாளும் நான் உங்களுக்காகத்தான் படித்தேன்." நேரில் 'நீ, வா, போ' என்பவன் கடிதத்தில் 'உங்களுக்காக' என்று மரியாதை கூட்டியிருக்கிறாய். தப்புச் செய்கிறவன்தான் இல்லாத மரியாதையெல்லாம் கொண்டுவருவான். படிக்கிற இடம் இன்னும் உனக்காக இருக்கிறது, மூன்றாம் வருஷம் தொடங்க நாள் இருக்கிறது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று எப்படி நினைத்தாய்? திரும்பிப் போ என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

பிரயோஜனம் என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு தாயாவது வந்து, "இதப் படிச்சா எம்மவ வடிக்கிற சோறு ருசியாவுமா டீச்சரம்மா?" என்று கேட்காமல் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் திடலைச் சுற்றி அத்தனை ஆம்பிள்ளைகள் நின்று பந்து விளையாட்டுப் பார்க்கிறீர்களே, அந்தப் பந்து வலைக்குள் போனதால் யார் வீட்டு அடுப்பு எரிந்தது என்று எவனாவது கேட்டானா? கேட்கமாட்டான். சந்தோஷமாக இருக்கிறது, பார்க்கிறான். கணக்குக்கு மட்டும்தான் வாசலில் நிறுத்தி வைத்து, நீ என்ன கொண்டுவந்தாய் என்று கேட்கிறார்கள். அளக்க உதவும், நிறுக்க உதவும், பாலம் கட்ட உதவும் என்று நானும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். உண்மையான பதிலைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். உன்னிடம் சொன்னால் புரியும் என்று நினைத்திருந்தேன், நீயும் அந்தத் தாய்மார்களோடு போய் வரிசையில் நின்றுகொண்டாய்.

ஜப்பான்காரன் காலம் உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் இல்லை, காகிதம் இல்லை, அரிசி இல்லை. காலையிலும் மரவள்ளிக்கிழங்கு, மாலையிலும் மரவள்ளிக்கிழங்கு. பசித்து அழுகிற பிள்ளைக்கு விளையாடக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் அந்த மஞ்சாடி மரத்தடியில், மலாயில் சாகா என்பார்களே, அங்கே கொட்டிக் கிடந்த சிவப்பு விதைகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்து தரையில் கொட்டினேன். நீ அவற்றைச் சதுரம் சதுரமாக அடுக்கினாய். ஒரு விதை. அதைச் சுற்றி இரண்டு பக்கம் மூன்று வைத்தால் நாலு விதைச் சதுரம். அதற்கு ஓரம் கட்ட ஐந்து வைத்தால் ஒன்பது. அடுத்து ஏழு. நான் கொல்லையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். "அம்மா! ஓடியா! ஓரத்துக்கு ஒத்தப்படையாவே கேக்குது, ரெட்டப்படையே கேக்கமாட்டேங்குது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன். வயிறு ஒட்டிப்போன பிள்ளையின் முகமா அது? அதைத்தான் நான் பிரயோஜனம் என்கிறேன். அன்றைக்கு உனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் உட்பட.

அந்தக் காலத்தில்தான் அடுப்படிச் சுவரில் சிலேட்டு ஏறியது. காகிதம் கிடைக்காததால் ஒரு கணக்கை அதில் எழுதி மாட்டிவிடுவேன். அது நாட்கணக்கில் தொங்கும். நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும்: விடை கண்டுபிடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவரும் கண்டுபிடிக்கிறவரை சும்மா இருக்க வேண்டும். விடையைச் சொல்லிவிடுவது அடுத்தவர் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குவது மாதிரி என்று நான்தான் சட்டம் போட்டேன். பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்து தமிழ் மறந்துபோன வம்சம், மலாயில் பேசிக்கொண்டே குவே பலகாரம் கொண்டுவந்து கொடுப்பாளே, அவள்கூட சிலேட்டைப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்துக்கொண்டு போவாள். இந்த வீட்டில் ஒருவர் சிலேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனால், முடித்துவிட்டார் என்று அர்த்தம். இதனால்தான் எல்லாம் கெட்டது. அதை அப்புறம் சொல்கிறேன்.

என் படிப்பைப் பற்றி உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. எங்கள் காலத்தில் பெண்களுக்கு எண்கணிதத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். கூட்டல், கழித்தல், வட்டி, கடைக்கணக்கு, அப்புறம் தையல். இயற்கணிதமும் வடிவக்கணிதமும் ஆம்பிள்ளைப் பையன்களுக்கு. நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனபோதுதான் அந்தப் புத்தகங்கள் இந்த வீட்டுக்குள்ளேயே முதல்முறையாக வந்தன. நீ பந்து விளையாடப் போனதும் எடுத்துப் படிப்பேன், நீ வருவதற்குள் வைத்துவிடுவேன். பிஸ்கோத்து டின் மூடியை வைத்து அடுப்படித் தரையில் கரியால் வட்டம் போட்டு, நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, வட்டத்தின்மேல் எங்கே புள்ளி வைத்து அந்தக் கோட்டின் இரண்டு முனைகளையும் இணைத்தாலும், தச்சர் மூலைமட்டம் வைத்தது மாதிரி நேர்மூலையாகவே வருவதைப் பார்த்தேன். இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் வைத்தேன், ஓரத்துக்கே போய் வைத்தேன். அடம் பிடித்தது, மாறவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது, ஏன் மாறமாட்டேன் என்கிறாய் என்று. காரணம் புரிந்தபோது சோறு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு ரசம் மட்டும்தான் நன்றாக இருந்தது என்று நீயும் அப்பாவும் முகத்தைச் சுளித்தீர்கள். நான் ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

இயற்கணிதம் எனக்கு இன்னும் பிடித்தது. தெரியாத ஒன்றுக்குத் தெரிந்தது மாதிரி ஒரு பெயர் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே போவது! பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் ஆள் யாரென்றே தெரியாமல், "மாப்பிள்ளை வந்தா இந்த அறையில படுப்பாரு, மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது" என்று பேசுவார்களே, அப்படி. பேசப் பேச ஆள் நெருங்கி வந்து ஒருநாள் வாசலில் நிற்பார். நம் வீட்டு ஆம்பிள்ளைக்கு இது ஒன்றும் ஏறாது. பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதாலும் வகுபடாத எண்கள், அவற்றுக்கு முடிவே கிடையாது என்பதை நான் அவருக்கு விளக்கினேன். பட்டியல் போட்டு, அதில் இருக்கிற எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அந்த எண்ணை இவற்றில் எதனாலும் வகுக்க முடியாது, ஆகையால் பட்டியலில் இல்லாத இன்னொன்று எங்கோ இருந்தே தீர வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இருக்கட்டுமே, அதுக்கு என்ன இப்ப?" என்றார். அவரிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது. நல்ல மனிதர், அவ்வளவுதான்.

சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று பந்தார் ஹிலிர் திடலில் மலாக்காவே திரண்டு நின்றது. கூட்டம் கலைந்து நாம் வீட்டுக்கு நடந்தபோது ஆற்றுப் பாலத்தின் மேல் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். ஊரில் உள்ள பாலங்கள் எல்லாவற்றிலும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடவை நடந்து, வீட்டுக்குப் போய்ச் சேர முடியுமா என்று. நீ அந்தக் கூட்டத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாய். "பாலம் நீளமா, குட்டையா, கல்லா, மரமா, எதுவும் வேணாம்மா. ஒவ்வொரு பாலத்துக்கும் கரை மாறுறோம், அவ்வளவுதான். நாம எதிர்க்கரைக்குப் போகணும். பாலம் ஒத்தப்படையா இருந்தா போயிரலாம். ரெட்டப்படையா இருந்தா ராத்திரி பூரா நடந்தாலும் பந்தார் ஹிலிர்லதான் நிப்போம்!" என்றாய். நீளம் அகலம் எதையும் பார்க்காத ஒரு கணிதம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எது பாலம், எது சும்மா பலகை என்று நாம் இரண்டு பேரும் சண்டை போட்டோம். உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நாடே விடுதலையாவுது, ஆத்தாளும் மவனும் பாலத்த எண்ணிக்கிட்டு நிக்கிறீங்க! வீட்டுக்கு வர்றீங்களா, நான் போவட்டுமா?" என்றார். போயும்விட்டார். நாம் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடினோம். சொல், அன்றைக்கும் நீ எனக்காகத்தான் அந்தப் பாலத்தில் நின்றாயா?

சிங்கப்பூருக்குப் போன பிறகு நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவருவாய். ஒருமுறை சாத்தியக்கூறு கொண்டுவந்தாய். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் பெரும்பாலும் இருக்கும் என்றாய். பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டு மறுநாள் என் வகுப்பில் கேட்டேன். இருந்தது! பெண்கள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். அடுத்த வகுப்பிலும் இருந்தது. மூன்றாவது வகுப்பில் இல்லை. எனக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பெரும்பாலும்னுதானேம்மா சொன்னேன், உனக்கு எல்லாத்துலயும் கட்டாயம்தான் வேணும்" என்றாய். நீ சொன்னது சரிதான். எனக்கு எல்லாவற்றிலும் கட்டாயம்தான் வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த மீன் கதை. பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று கூட்டிக்கொண்டே போனால் ஒன்றைத் தாண்டாது என்பது எனக்குப் புரியும். விருந்தாளி வீட்டில் தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு டோடோல் அல்வாவை ஆளாளுக்கு மரியாதைக்குப் பாதி பாதியாக வெட்டித் தின்போமே, அதுதான். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று கூட்டினால்? அதுவும் குறைந்துகொண்டேதானே போகிறது, எங்கேயோ நின்றுவிடும் என்று நான் சாதித்தேன். நான் மீன் கழுவிக்கொண்டிருந்த குழாயடியில் நீ என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாய். மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் சேர்த்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கைச் சேர்த்தாலும் அரைக்கு மேல். அடுத்த எட்டைச் சேர்த்தாலும் அரைக்கு மேல். அரை அரையாக வந்துகொண்டே இருந்தால் எங்கே நிற்கும்? நிற்காது, எந்த எண்ணையும் தாண்டிப் போய்விடும். மீனும் கத்தியுமாக நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பூனை வந்து ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனதை நாம் இரண்டு பேரும் பார்த்தோம், எழுந்திருக்கவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் அதிகமில்லை. கல்யாண நாளைவிடவா என்று கேட்காதே. அப்பா இந்தக் கடிதத்தைப் படித்தாலும் படிப்பார்.

இப்போது கடைசி விடுமுறைக்கு வருகிறேன். நீ வருவதற்கு முன் நானாகவே ஒன்றைக் கவனித்திருந்தேன். எட்டு என்றால் மூன்றும் ஐந்தும். பன்னிரண்டு என்றால் ஐந்தும் ஏழும். முப்பது என்றால் ஏழும் இருபத்து மூன்றும். நாலிலிருந்து எந்த இரட்டை எண்ணை எடுத்தாலும் அதை இரண்டு பகா எண்களின் கூட்டாகச் சொல்லிவிட முடிகிறது. எப்போதும் முடியுமா, ஏன் என்று சிலேட்டில் எழுதி மாட்டினேன். நானே கண்டுபிடித்தது என்று எனக்கு ஒரே கர்வம். நீ வந்தாய், பெட்டியை வைத்தாய், சிலேட்டைப் பார்த்தாய், ஒன்றும் பேசாமல் வெளியே போனாய். நான் என்ன நினைப்பேன்? இந்த வீட்டில் பேசாமல் போனால் என்ன அர்த்தம்? "பாத்தீங்களா, பார்த்த நிமிஷத்துல முடிச்சிட்டான்" என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த விடுமுறை முழுக்க நீ வாயே திறக்கவில்லை. சோற்றைச் சும்மா அளைந்தாய், காரணம் கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கிறாய் என்று நான் உருகிப்போனேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன், செட்டி அக்காவிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நீ பஸ் ஏறுகிறவரை நானும் விடையைத் தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியிருக்கிறாய்: "அம்மா, அது உலகத்திலேயே யாரும் இன்னும் போட்டு முடிக்காத கணக்கு. இருநூறு வருஷமாகப் பெரிய பெரிய மேதைகள் தோற்றுப்போன கணக்கு. நான் பரீட்சையில் தேறினதே பெரும்பாடு. கூடப் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரிவது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் புரிகிறது. நீங்கள் அந்த சிலேட்டைக் காட்டி என்னை மேதை என்று ஊரெல்லாம் சொன்னபோது எனக்கு வீட்டுக்குள் வரவே பயமாக இருந்தது." அட பாவி! இதைச் சொல்ல உனக்கு வாய் இல்லையா? அந்த விடுமுறையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "அம்மா, இது யாருக்குமே தெரியாதாம்" என்று நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? குதித்திருப்பேன்! காஜா பேராங்கில் மீன் கழுவுகிற ஒருத்தி கேட்ட கேள்விக்கு உலகத்தில் எவனிடமும் பதில் இல்லை என்றால், அதைவிட இனிப்பான சேதி எனக்கு எங்கே கிடைக்கும்? நீ அதை அவமானம் என்று மறைத்து வைத்தாயே. மூன்று நாள் கழித்துப் புரிந்தால் என்ன? எனக்கு அந்த அரைவட்டம் புரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. முதலில் புரிந்துகொள்கிறவனுக்குப் பரிசு என்று யார் சொன்னது உனக்கு?

நான்தான் சொன்னேனோ என்னவோ. இதை எழுதி நிறுத்தி, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். விடையோடு இருப்பவன் பேசக் கூடாது என்று சட்டம் போட்டவள், விடை இல்லாதவன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சட்டமும் போடவில்லை. அவனும் பேசாமல்தானே இருந்தாக வேண்டியதாயிற்று. எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் இப்போது யார்மேல் என்றே தெரியவில்லை. ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்காகப் படித்தாயாம். முதலில் படித்தபோது, இது என்ன அபாண்டம் என்று கொதித்தேன். இந்தக் கடிதத்தை இவ்வளவு தூரம் எழுதின பிறகு ஒன்று பிடிபடுகிறது. நீ விட்டுவிட்டாய் என்று தெரிந்ததும் உன் எதிர்காலத்தை நினைத்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூன்றாம் வருஷத்தில் என்ன வருமோ, அது இனி இந்த வீட்டுக்கு வராதே என்றுதான் அழுதேன். நீ நடந்தாய், உன் பின்னாலேயே நானும் நடந்தேன். நீ நின்றதும் நான் முட்டிக்கொண்டேன். இதுதான் நடந்தது. திரும்பிப் போ என்று உன்னிடம் சொல்ல உட்கார்ந்தவளுக்கு, போக ஆசைப்படுகிறவள் யார் என்பது பதினாறு பக்கம் எழுதின பிறகுதான் தெரிகிறது.

ஆகையால் கேள். உத்தியோகத்துக்கே போ. நாட்டுக்கு ஆள் வேண்டும் என்பது பொய்யில்லை. ஒழுங்காக வேலை செய், வருகிற ஏழை பாழைகளை நிற்கவைத்துப் பேசாதே, மேலே இருப்பவன் சொன்னான் என்பதற்காகத் தெரியாததைத் தெரியும் என்று எழுதிக் கொடுக்காதே. கல்யாணப் பேச்சை அப்பா எடுப்பார், அதற்கு நான் பொறுப்பில்லை. என்றைக்காவது கணக்கு உனக்குத் திரும்ப ஆசையாக வந்தால் வரட்டும். வராவிட்டால் போகட்டும், பந்து பார்த்துக்கொள். ஆனால் எனக்காக நீ எதையும் படிக்கவேண்டாம். இனிமேல் அது வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்து வாய் திறந்து பேசு, அது போதும்.

கடிதத்தின் அடியில், முதல் சம்பளம் வந்ததும் எனக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறாய். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான்; அப்பாவும் இப்போதே நிறம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எடுக்காதே. சிங்கப்பூரில் உன் பழைய கல்லூரிப் பக்கம் புத்தகக்கடை இருக்குமே, அங்கே போய் நீ படிக்காமல் விட்ட அந்த மூன்றாம் வருஷத்துப் புத்தகங்களைக் கேட்டு வாங்கு. யாருக்கு என்று கடைக்காரன் கேட்டால் வெட்கப்படாமல் சொல், என் அம்மாவுக்கு என்று.

அம்மா